மாசியில் ஒட்டியது ஆடியில் பிரிந்தது

இலங்கை மலையகத்தின் வட்டவளையில் வளர்ந்தவர்களுக்குப் பசையின் மேல் நம்பிக்கை வருவதில்லை. பள்ளிக்கூடக் கொப்பியின் அட்டை, சுவரிலிருந்த முருகன் படம், நாவலப்பிட்டியில் வாங்கிய சப்பாத்தின் அடித்தோல், எதுவானாலும் ஆனி பிறந்ததும் வாயைப் பிளந்துவிடும். ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற ஊர் அது. அதே மாவட்டத்தில் உயரே இருக்கும் நுவரெலியா நகரத்துக்கு இதில் பாதிகூட விழாது. சென்னையில் ஆண்டு முழுவதற்கும் பெய்வது ஏறக்குறைய 1400 மில்லிமீற்றர்தான். தென்மேற்குப் பருவக்காற்று கடலைக் கடந்து வந்து, மலையில் முட்டி, சுமந்துவந்த நீரையெல்லாம் இறக்கிவைக்கும் சரிவில் எங்கள் லயங்கள், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கே ரயில் பாதையே மண்ணோடு சேர்ந்து நகர்ந்தது. மலைக்குள் துளை போட்டு நீரை வடிக்க வேண்டியிருந்தது.

அப்படிப்பட்ட ஊரில் என் தாய்மாமா மரத்தில் ஒரு வில் செய்தார். செய்துவிட்டு, அதன் முதுகுக்கு எதை வைத்தால் நிற்கும் என்ற யோசனையிலேயே ஒரு மழைக்காலத்தைக் கழித்தார்.

வில் எதற்கு என்று சொல்ல வேண்டும். மலையகத் தோட்டங்களில் மாசி அமாவாசை கழிந்ததும் காமன் ஊன்றுவார்கள். பௌர்ணமிவரை ஊரே அதில் கிடக்கும். மதனும் ரதியும் வேடம் கட்டி வீடுவீடாக வருவார்கள். கடைசி இரவில், தவத்திலிருக்கும் சிவன் மேல் மதன் அம்பு விட, நெற்றிக்கண் திறந்து மதன் எரிவான். எங்கள் தோட்டத்தில் மதன் வேடம் மாமாவுக்கு. நேர்ந்துகொண்டு கட்டிய வேடம், வேறொருவருக்குக் கைமாறாது. புராணத்தில் மதனுடைய வில் கரும்பு, நாண் வண்டு, அம்பு பூ. கூத்தில் அதெல்லாம் நடக்கிற காரியமா? மூங்கில் பிளாச்சு ஒன்றை வளைத்துக் கட்டி, மினுக்குத்தாள் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். நாணை இழுத்து விட்டால் தப்புப் பறை ஓங்கி ஒரு அடி போடும். அம்பு பறந்ததாக வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. காமன் பொட்டலின் இந்தக் கோடியிலிருந்து விட்ட அம்பு, அந்தக் கோடியில் நட்ட வாழைத்தண்டில் உண்மையாகவே போய்க் குத்த வேண்டும் என்றார். கூத்து மாஸ்டர் எதற்கு என்று கேட்டார்.

“நெத்திக்கண்ணத் தொறக்குற அளவுக்குச் சிவனுக்குக் கோவம் வரணும்னா, அம்பு பட்டிருக்கணும்ல மாஸ்டர்?”

மாஸ்டரிடம் இதற்குப் பதிலில்லை. வாழைத்தண்டுக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டார்.

எழுபதுகளின் நடுப்பகுதி. அரிசிக்கும் மாவுக்கும் தோட்டங்கள் அலைந்த காலம். 1973, 74 என்றால் எங்கள் தலைமுறைக்கு இன்னும் வயிறு காந்தும். கடைகளில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாட்டில் நல்ல ஊசிகூட அருமை. வில்லின் கதைக்கும் இதற்கும் தொடர்பு உண்டு, பின்னால் வருகிறேன்.

மரம் கொய்யா. அதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. கவண் கட்டை வெட்டிய எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். தேயிலை மலைகளில் நிழலுக்கு நிற்கும் கிரவில்லியா படக்கென்று முறியும். முள்முருங்கை பஞ்சு. தேயிலைச் செடியின் மரம் இரும்புதான், ஆனால் கவ்வாத்துக் கத்தி ஆண்டாண்டாகத் திருகிவிட்ட செடியில் ஒரு முழத்துக்கு நேரான கொப்பு கிடைக்காது. கித்துள் மரத்தின் வெளிவயிரத்தை மாமா கொஞ்ச நாள் மனதில் வைத்திருந்தார். பனை வகை மரத்தில் வில் செய்வது பழைய வழக்கம்தான். அர்த்தசாஸ்திரம் வில்லுக்கான பொருள்களாகப் பனை, மூங்கில், மரம், கொம்பு என்று நான்கைச் சொல்கிறது. மாமாவுக்கு அர்த்தசாஸ்திரம் தெரியாது. கித்துளைப் பிளக்க நம்மிடம் ஆயுதமில்லை என்பது தெரிந்தது. லயத்துக்குப் பின்னாலிருந்த கொய்யாவிலிருந்து ஆள் உயரத்துக்கு ஒரு கொப்பை வெட்டி, அடுப்புக்கு மேலே பரணில் போட்டுக் காயவைத்தார்.

அதோடு தானே செதுக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையில்லை. அழகாக இருக்கட்டும் என்று தச்சு பாஸ் ஒருவரிடம் கொடுத்தார்கள். அவர் கதவுச் சட்டத்துக்கு இழைக்கிற மாதிரி, நாலு பக்கமும் இழைப்புளி போட்டு, கண்ணாடியாக்கிக் கொடுத்தார். பார்த்தவர்கள் எல்லோரும் மெச்சினார்கள். நாணேற்றி அரைவாசி இழுத்தபோது முதுகில் ஒரு செதில் நிமிர்ந்தது.

வில்லில் இலக்கைப் பார்க்கிற பக்கத்தை முதுகு என்றும், எய்கிறவனைப் பார்க்கிற பக்கத்தை வயிறு என்றும் சொல்வார்கள். வளைக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நெருங்குகிறது. காய்ந்த மரம் நாரின் போக்கில் இழுவையைத் தாங்குவதில் கெட்டி. நசுக்கலைத் தாங்குவதைப் போல இரண்டு மடங்கு தாங்கும். ஆகவே முதுகில் நார்கள் முழுதாக, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அறுபடாமல் ஓடினால் அதற்கு ஒன்றும் ஆகாது. பட்டையை உரித்ததும் கீழே தெரிகிற மேனி இருக்கிறதே, மரம் தானே போட்டுக்கொண்ட முதுகு அது. அதில் கத்தி படக்கூடாது. இழைப்புளி நேர்கோட்டில் போகும், மரத்தின் நார் அப்படிப் போகாது. கொப்பு எங்கெங்கே நெளிந்ததோ அங்கெல்லாம் இழைப்புளி நாரை அறுத்துவிடும். அறுந்த நுனிகள்தான் செதிலாக நிமிர்கின்றன. இன்றைக்கும் என்னிடம் யாராவது வில்லுக்கு முதுகுப் பட்டையாக எதை ஒட்டலாம் என்று கேட்டால், எதற்காக இழைத்தீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். பாதிப் பேருக்குப் பட்டையே தேவைப்படாது. இன்னொரு கொப்பு போதும்.

அந்த மாசிக்கு இன்னொரு கொப்பு வெட்டிக் காயவைக்க நேரமில்லை. இருந்த வில்லைக் காப்பாற்ற வேண்டும். லயத்து இஸ்தோப்பில் மாமாவைச் சுற்றி ஒரு சபை கூடியது. ஆளுக்கொரு பொருளோடு வந்தார்கள்.

ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தவர் தேயிலைப் பெட்டிக்கு அடிக்கும் இரும்புப் பட்டியைக் கொண்டுவந்தார். அதை மாமா ஒரு முறை வளைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வளைந்தது வளைந்தபடியே நின்றது. சாதாரண இரும்பு ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குவரை நீண்டால்தான் பழைய நிலைக்குத் திரும்பும். நல்ல வில்லின் முதுகு நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு நீள்கிறது. போதாததற்கு இரும்பின் பாரம் கொய்யாவைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு. அந்தப் பாரத்தைத் தூக்கி ஆட்டுவதிலேயே வில்லின் வேகம் செத்துப்போகும். இரும்பு வில்லே கிடையாது என்று இதற்குப் பொருளில்லை. முகலாயர் காலத்து இந்தியாவில் உருக்கு வில்கள் செய்தார்கள்; அவற்றில் சில லண்டனிலும் நியூயோர்க்கிலும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கொம்பும் நரம்பும் ஒட்டிச் செய்த மத்திய ஆசிய வில் இந்திய மழைக்காலத்தில் ஒட்டுவிட்டுப் போனது. உருக்கு வில் பாரமானது, மந்தமானது. ஆனாலும் ஆயுதக் கிடங்கில் எத்தனை ஆண்டு கிடந்தாலும் ஈரத்துக்குப் பிரியாது. டெல்லிக்காரர்களுக்கே இந்தப் பாடு என்றால் வட்டவளைக்கு என்ன சொல்ல.

அடுத்து வந்தது நரம்பு. காட்டு மரையின் கால் நரம்பை உலர்த்தி, தட்டி, நாராகப் பிரித்து, வச்சிரத்தில் தோய்த்து முதுகில் ஒட்டினால் வில் முறியவே முறியாது என்று வேட்டை பழகிய ஒரு பெரியவர் சொன்னார். அவர் சொன்னது முழு உண்மை. நரம்பு நூற்றில் ஐந்தாறு பங்கு நீண்டாலும் அறாது; துருக்கியரின் குட்டை வில் அத்தனை தூரம் வளைந்ததற்கு அதுவே காரணம். மரை கிடைக்கவில்லை. மாட்டு நரம்பை அடுப்புக்கு மேல் தொங்கவிட அம்மாயி சம்மதிக்கவில்லை. ஹட்டனிலிருந்து ஆட்டுக்கால் நரம்பு வந்தது. அதையும் பரணில் போட்ட இரண்டாம் நாள் நாய் தின்றுவிட்டது. வீட்டு நாய் இல்லை, தொங்கல் காம்பராவில் இருந்தவர்களின் நாய். அது தின்னாதிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. நரம்பு ஒட்டிய வில்லைத் துருக்கியில் மாதக்கணக்கில், சிலவேளை ஓர் ஆண்டுக்கு மேலும் உலரவிடுவார்கள். எங்களிடம் உலர்ந்த காற்று எங்கே இருந்தது?

ஒரே ஓர் இடத்தில் இருந்தது. ஸ்டோரின் மேல்மாடியில், கொழுந்து வாட்டும் இடத்தில். அங்கே சாக்குத் துணி இழுத்துக் கட்டிய தட்டுகளில் கொழுந்தைப் பரப்பி வெதுவெதுப்பான காற்றை ஓடவிடுவார்கள். கீழே அடுப்பிலிருந்து இறங்கும் தேயிலையில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவு ஈரம்தான் மிஞ்சியிருக்கும். அதே நேரத்தில் எங்கள் லயத்துச் சுவரில் தொங்கும் மரத்தில் இருபது பங்கு ஈரம். வில்லுக்கு எட்டிலிருந்து பத்துவரை இருந்தால் உத்தமம். மாமா காவக்காரரைப் பிடித்து வில்லை மேல்மாடியில் ஒரு மூலையில் வைத்துப் பார்த்தார். காய்ந்தது, நன்றாகவே காய்ந்தது. வெளியே கொண்டுவந்த சில வாரங்களில் விட்ட ஈரத்தையெல்லாம் மறுபடி குடித்துவிட்டது. வில்லை ஸ்டோருக்குள் வைத்தே கூத்து ஆடினால்தான் உண்டு.

தப்பு அடிக்கிறவர் ஒருநாள் மாலை வந்தார். காலையில் பிரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு, ஆள் எழுப்பியதும், சாவுக்கு அடித்ததும், காமன் கூத்தை இழுத்துப்போனதும் எல்லாம் அவருடைய தப்புதான். மாமா அவரிடம் கேட்க நினைத்தது ஒரு துண்டு கன்றுத்தோல். பச்சைத் தோலை மெல்லியதாகச் சீவி ஈரத்தோடு முதுகில் போர்த்தினால், காயும்போது இறுகிப் பிடித்துக்கொள்ளும், செதில் நிமிராது. கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

“தோலு குடுக்குறதுக்கு ஒண்ணுமில்ல தம்பி,” என்றார் அவர். “ஆனா மழை புடிச்சா தோலு தொங்கிப்போவும். ஆடிக்கு அம்மன் கோயில்ல நாங்க எத்தன தடவ நெருப்புப் போட்டுக் காச்சுறோம், பாத்திருக்கீங்கல்ல? ஒரு அடவு முடிய முன்னுக்கு மறுபடி பொத்துனு ஆயிரும். ஒங்க வில்லையும் நெருப்புல காட்டிக் காட்டியா எய்வீங்க?”

“அப்ப எதத்தாண்ணே வைக்கிறது?”

“மழை வந்தா இறுகுற சாமான் ஏதாச்சும் இருந்தாப் பாருங்க.”

போகிற போக்கில் சொன்னதுதான். அதற்குப் பிறகும் மாமா உடனே அந்த வழிக்குப் போய்விடவில்லை. வச்சிரத்தை ஒரு கை பார்த்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் அவருக்கு இருந்தது. வச்சிரம் என்பதே தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கிற பசை. உலர்ந்த ஊரில் அதைப் போல ஒரு பசை கிடையாது. சாக்குத் துணியிலிருந்து சணல் இழைகளை உருவி, சீவி, வச்சிரத்தில் தோய்த்து முதுகில் நீளவாக்கில் படிய வைத்தார். மாசி கூத்துக்கு அது நின்றது. அந்த மாதம் வட்டவளையிலும் வெயில் அடிக்கும். வில் அரை இழுவைக்குத் தாங்கியது, அம்பு வாழைத்தண்டுக்கு நாலு முழம் முன்னால் விழுந்தது, ஆனாலும் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். ஆடியில் பார்த்தால் சணல் தனியாக, கொய்யா தனியாக. நடுவில் சாம்பல் பூஞ்சணம்.

சணல் மோசமான பொருளில்லை. அது நூற்றில் ஒன்றரைப் பங்கு நீளும், பிறகு அறும். வில்லுக்குத் தேவை ஒரு பங்கு. மயிரிழையில் தப்பிக்கிற கணக்கு, ஆனால் தப்பிக்கும். மேல்நாட்டில் ஆளிநாரை இப்படித்தான் ஒட்டுகிறார்கள், நன்றாக நிற்கிறது. கெட்டது பசை. முதுகுப் பட்டையைப் பற்றி யோசிப்பதாக நினைத்துக்கொண்டு எல்லோரும் பட்டையைப் பற்றியே பேசுகிறோம். வட்டவளையில் அது பசையைப் பற்றிய கேள்வி, பசையோ மழையைப் பற்றிய கேள்வி. மழை எதை ஒப்புக்கொள்கிறதோ அதுதான் முதுகு.

மூங்கிலைப் பற்றிக் கேட்பீர்கள். ஓடைக்கரையில் மூங்கிலுக்குப் பஞ்சமில்லை. மூங்கிலின் பலமான நார் தோலுக்கு அடியிலேயே நெருங்கி இருக்கிறது. மெல்லிய பிளாச்சாகச் சீவி, தோல் பக்கம் வெளியே தெரிய ஒட்டினால் அதைவிட நல்ல முதுகு நம் நாடுகளில் இல்லை. யப்பானியர் மரத்தை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் மூங்கில் ஒட்டிச் செய்கிறார்கள். ஒட்டினால் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டாமல் கயிற்றால் சுற்றிக் கட்டிப் பார்த்தோம். வளைக்கும்போது மூங்கில் ஒரு பக்கமாகவும் கொய்யா ஒரு பக்கமாகவும் வழுக்கியது. ஒரே கனமுள்ள இரண்டு பட்டைகளைச் சும்மா அடுக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. நன்றாக ஒட்டி ஒன்றாக்கினால் எட்டு மடங்கு. லொறி வில்லில் அடுக்கிய தகடுகள் வழுக்குவது லொறிக்கு நல்லது. நம் வேலைக்கு அது உதவாது. கீழேயிருக்கும் கொய்யாவின் முதுகு தனியாக நீண்டுகொண்டேதான் இருக்கும், செதில் நிமிர்ந்துகொண்டேதான் இருக்கும்.

விடை விறகு லொறியில் வந்தது. ஸ்டோர் அடுப்புக்குக் கீழ்நாட்டிலிருந்து றப்பர் விறகு ஏற்றி வருவார்கள். மலைவளைவில் விறகு சரியாமலிருக்கச் சுமையின் மேல் கயிறு போட்டு, கயிற்றுக்குள் ஒரு தடியைச் செருகி முறுக்கி, தடியைக் கட்டிவிடுவார்கள். மழையில் நனைந்து வந்த லொறியில் அந்தத் தடியை அவிழ்க்க முடியாமல் இரண்டு பேர் தொங்கிக்கொண்டிருந்ததை மாமா பார்த்துக்கொண்டு நின்றார். நார்க் கயிறு நனைந்தால் இழைகள் ஊதும், முறுக்கு இறுகும், கயிறு குட்டையாகும். மழையில் கொடிக்கயிறு விண்ணென்று நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை. தப்பு அடிக்கிறவர் சொன்ன சாமான் லயத்துக்கு லயம் வாசலில் கட்டிக்கிடந்திருக்கிறது.

எந்த நார் என்பதில் கொஞ்சம் அலைந்தார். கித்துள் பாணி இறக்கும் ஒருவர் கினிகத்தேனைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து தேயிலைத் தூளுக்கு மாற்றாகக் கறுப்புக் கித்துள் நார் கொடுத்தார். யானை கட்டுகிற கயிறு, உன் கோலுக்குப் போதாதா என்று சிங்களத்தில் சிரித்தார். மாமா கையில் சுற்றி இழுத்துப் பார்த்தார். இழுத்தால் நீளுகிறது, யானைக்கு அது நல்லது, நமக்கு வேண்டாம் என்று வைத்துவிட்டார். கடையில் கிடைத்த நைலோன் தூண்டில் கயிறும் அதே காரணத்தால் தள்ளுபடி. தாராளமாக நீளுகிற பொருள் முதுகின் பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொள்ளாது. கடைசியில் ரயில் பாதையோரத்து யானைக் கற்றாழைக்கு வந்தார். மடலை ஓடையில் ஊறப்போட்டு, பலகையில் வைத்துச் சுரண்டி எடுத்த வெள்ளை நார் அதிகம் நீளாது, பலமானது. மூன்று இழையாக முறுக்கினார். மெழுகு தேய்க்கச் சொன்னவர்களிடம் வேண்டாம் என்றார். மெழுகு போட்டால் தண்ணீர் குடிக்காது, குடிக்காவிட்டால் இறுகாது.

கயிற்றை வில்லின் ஒரு நுனியில் முடிந்து, முதுகின் மேல் ஓட்டி, மறு நுனியைச் சுற்றித் திரும்பக் கொண்டுவந்து, இப்படிப் பல தடவை போய்வந்து ஒரு வடமாக்கினார். வடம் பக்கவாட்டில் நழுவாமலிருக்கச் சாண் இடைவெளியில் குறுக்குக் கட்டு. நடுவில், கைப்பிடிக்கு மேலே, வடத்துக்குள் ஒரு கொய்யாக் குச்சி. அதைத் திருகினால் வடம் விறைக்கும். எங்கும் ஒரு சொட்டுப் பசை இல்லை. நாணேற்றும் முன்பே வடம் முதுகை நெருக்கிப் பிடித்திருப்பதால், வளைக்கும்போது முதுகு நீளவேண்டியதில் ஒரு பங்கு அந்த நெருக்கலைத் தளர்த்துவதிலேயே கழிந்துவிடுகிறது. இழுவையை வடம் வாங்கிக்கொள்கிறது. செதில் இருந்த இடத்திலேயே படுத்திருந்தது.

ஆர்க்டிக் கரையில் வாழும் எஸ்கிமோ மக்கள் இதையே நூற்றாண்டுகளாகச் செய்துவந்திருக்கிறார்கள் என்பதை நான் படித்தது வெகுகாலம் கழித்து. அங்கே நல்ல மரமில்லை, கடலில் அடித்துவந்த கட்டைதான், நொறுங்கிப்போகிற மரம். குளிரிலும் ஈரத்திலும் பசை நம்ப முடியாது. ஆகவே நரம்பைக் கயிறாகப் பின்னி முதுகில் வடமாகக் கட்டி, எலும்புக் கருவியால் முறுக்கி விறைப்பேற்றினார்கள். அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்திலிருந்த அந்த வில்களை ஆராய்ந்து ஜோன் மேர்டொக் எழுதிய கட்டுரை 1884ஆம் ஆண்டு அறிக்கையில் இருக்கிறது. எங்கள் ரயில் பாதை வட்டவளையைத் தாண்டி ஹட்டனுக்கு எட்டியதும் அதே 1884இல்தான். இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. எனக்குச் சொல்லிப்பார்க்கப் பிடித்திருக்கிறது.

அடுத்த மாசியில் கூத்து மாஸ்டர் வடத்தைப் பார்த்து முகம் சுளித்தார். மன்மதன் கையில் விறகுக்கட்டா என்றார். கடதாசிப் பூக்களை வடத்தின் மேல் வரிசையாகக் கட்டி மறைத்தார்கள், மலர்வில்லாகவே ஆயிற்று. ரதி வேடம் கட்டிய அண்ணன் குச்சி தெறித்துத் தன் கண்ணில் படும் என்று பயந்து, பாட்டுக்குப் பாட்டு ஒரு கை தூரம் தள்ளியே நின்றார். விடியும் சாமத்தில் தப்பு ஓய்ந்த இடைவெளியில் மாமா அம்பை விட்டார். வாழைத்தண்டில் குத்தியது. குத்தியதோடு மறுபக்கம் ஒரு விரற்கடை எட்டிப் பார்த்தது. சிவன் வேடக்காரர் தன் வசனத்தை மறந்து அம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றிக்கண் திறக்கக் கொஞ்சம் தாமதமானது.

அந்த ஆடியில் இஸ்தோப்பில் தொங்கிய வில்லின் வடம் மழையில் தானாகவே இறுகி, நாணில்லாத வில்லைப் பின்பக்கமாக வளைத்து வைத்திருந்தது. ஈரத்தில் கொய்யா இளகியிருந்தது, அதற்கு ஈடாக வடம் விறைத்திருந்தது. நாங்கள் செய்யவேண்டியிருந்ததெல்லாம் குச்சியை ஒரு சுற்றுத் தளர்த்துவது. வெயில் வந்தால் ஒரு சுற்று இறுக்குவது. அதை மாமா தினமும் பார்த்தார் என்று சொல்ல முடியாது, அம்மாயிதான் பார்த்தார்.

1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்தது. ஹட்டன் கடைகளில் இரண்டு குழாயாக வரும் அரால்டைட் பசை கிடைத்தது. அது தண்ணீருக்கு அசையாது. மாமா உடனே மூங்கிலுக்குப் போனார். கற்றாழை வடத்தின் மேல் அவருக்கு ஒரு பாசமும் இல்லை. புதிய கொய்யாக் கொப்பு, அதன் மேல் இரண்டு காசு கனத்துக்கு மூங்கில் பிளாச்சு, கணு அறுபடாமல். ஆனி, ஆடி இரண்டையும் அது தாண்டியது. வடம் கட்டிய வில்லைவிட அம்பு தூரம் போயிற்று, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வடத்தை அவிழ்த்து அம்மாயி ஆடு கட்டினார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா குடும்பம் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் கடவுச்சீட்டு எடுத்து, தலைமன்னாரில் கப்பலேறி, நீலகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வில்லைக் கொண்டுபோகவில்லை, அதைவிட அவசியமான எத்தனையோ சாமான்களை விட்டுத்தான் போனார்கள். அங்கிருந்து எழுதிய கடிதம் ஒன்றில் தோடர்களைப் பற்றிக் கேள்விப்பட்டதை எழுதியிருந்தார். தோடர்களிடம் ஒரு சடங்கு உண்டு. கர்ப்பம் ஏழாம் மாதமாகும்போது கணவன் மனைவிக்குக் குச்சியாலும் புல்லாலும் செய்த ஒரு சிறு வில்லும் அம்பும் கொடுப்பான். கொடுத்தவன்தான் பிள்ளைக்குத் தகப்பன் என்பது அவர்கள் வழக்கம். “இந்த வில்லுக்கு முதுகு வேண்டாம், வயிறு மட்டும் போதும்” என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார்.

இப்போது என் மருமகன் வட்டவளையில் வில் செய்கிறான். அவனுக்கு எல்லாம் கிடைக்கிறது. கண்ணாடி இழை நாடாவும் இரண்டு திரவம் கலக்கும் பசையும் கொழும்பிலிருந்து பார்சலில் வருகின்றன. கொய்யாவை இயந்திரத்தில் தட்டையாக இழைத்து, முதுகில் நாடாவை ஒட்டியிருந்தான். இரண்டு பருவமழையைத் தாண்டிவிட்டது, ஒட்டு அசையவில்லை, பூஞ்சணமில்லை. போன முறை போயிருந்தபோது கையில் கொடுத்தான். நான் முதுகைப் பார்க்கவில்லை, வயிற்றைத் திருப்பிப் பார்த்தேன். மேல்பாதியில், கைப்பிடிக்கு ஒரு சாண் தள்ளி, குறுக்காக மெல்லிய கோடுகள். முதுகு இம்மியும் நீளமாட்டேன் என்று நின்றால், வளைவு முழுவதையும் வயிறு நசுங்கித் தாங்கவேண்டும். கண்ணாடி இழைக்குக் கொய்யா ஜோடியில்லை.

“கழட்டிரவா மாமா?”

“வேணாம். பட்டையோட அகலத்த ரெண்டு பக்கமும் சீவிக் கொறை. முதுகு ஒடுக்கமா, வயிறு அகலமா இருக்கட்டும். அப்ப ரெண்டும் சரிக்குச் சரி நிக்கும்.”

அரத்தால் தேய்த்துக் குறைத்தான். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளச் சொன்னேன், அந்த இழைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது. கோடுகள் அதற்குமேல் பரவவில்லை என்று தொலைபேசியில் சொன்னான். இழுவை கொஞ்சம் குறைந்துவிட்டதாம். குறையத்தான் செய்யும். வேண்டுமானால் அடுத்த வில்லுக்குக் கொய்யாவை ஒரு விரல் அகலமாக எடு, ஓடைக்கரை மூங்கிலையே ஒட்டு, அந்தப் பசையை மட்டும் வைத்துக்கொள் என்றேன். மூங்கில் வெட்டத் தோட்டத்து ஆபீசில் அனுமதி கேட்க வேண்டுமாம் இப்போது. எழுதிக் கொடுத்திருக்கிறான்.